மும்பையில் சர்வர் இருக்க, அன்பவுண்ட் ஏன் நெதர்லாந்துக்குப் போகிறது?

லேப்_காவலர்:
எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வகத்தில் 120 லினக்ஸ் கணினிகள். டிஎன்எஸ்ஸுக்கு (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலை) அன்பவுண்ட் என்ற ரிசால்வர் ஓடுகிறது, கணினிகளுக்காக நேம்சர்வர்களைக் கேட்டுப் பதில் வாங்கித் தரும் மென்பொருள் அது. எங்கள் தேர்வு முடிவுத் தளத்தின் டொமைனுக்கு இரண்டு நேம்சர்வர்கள் (அந்தப் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்கள்), ஒன்று மும்பையில், மற்றது நெதர்லாந்தில். டிக் கட்டளையால் நேரடியாகக் கேட்டால் மும்பை 28 மில்லிவிநாடியில் பதில் தருகிறது, மற்றது 165.

ஆனால் ஒரு மதியம் முழுக்க டிசிபிடம்ப் (நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தேன். கேள்விகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இரண்டுக்கும் போகின்றன. எது வேகம் என்று அன்பவுண்டுக்குத் தெரியாதா? டிடிஎல் (ஒரு பதிலைச் சேமித்து வைக்கலாம் என்ற நேரம்) 60 விநாடிதான், அதனால் கேஷும் அதிகம் கைகொடுப்பதில்லை. முடிவு வெளியாகும் நாளில் சில கணினிகளில் பக்கம் திறக்க ஐந்து விநாடி ஆகிறது. படபடப்போடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

வடக்குவாசல்:
நான் இதற்காகவே பைண்ட் என்ற இன்னொரு ரிசால்வருக்கு மாறினேன். ஒவ்வொரு நேம்சர்வரும் பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை அது சராசரியாக வைத்துக்கொண்டு, குறைவானதைத்தான் கேட்கும். கேட்காமல் விட்டதன் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரும், அதனால் அதற்கும் எப்போதாவது முறை வரும். மாறிப் பாருங்கள்.

பழைய_ரிசால்வர்:
மாற்ற வேண்டாம் தம்பி. அன்பவுண்டுக்கு நன்றாகவே தெரியும். 'அன்பவுண்ட்-கண்ட்ரோல் டம்ப்_இன்ஃப்ரா' போட்டால் ஒவ்வொரு முகவரிக்கும் அது வைத்திருக்கும் கணக்கைப் பார்க்கலாம். 15 நிமிடம் வரை அதை நினைவில் வைத்திருக்கும்.

விஷயம் என்னவென்றால், இருப்பதில் வேகமான சர்வரிலிருந்து 400 மில்லிவிநாடிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அது ஒரே தரமாகத்தான் நினைக்கிறது. அதற்குள் குலுக்கல் முறைதான். 28, 165 இரண்டும் அதில் அடங்கிவிடும். வேண்டுமென்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள். அடுத்த கேள்வி எந்த சர்வருக்குப் போகும் என்று ஊகிக்க முடிந்தால், பொய்ப் பதிலை முந்திக்கொண்டு அனுப்புகிறவனுக்கு வேலை சுலபம். 2008-இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி அந்த ஓட்டையைக் காட்டியபோது நான் ஒரு சிறிய இணைய நிறுவனத்தில் ரிசால்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை இரவு உட்கார்ந்து பேட்ச் போட்டோம்! அதனால் இந்தக் குலுக்கலை நான் குறையாகவே நினைப்பதில்லை.

சரி, வேகமும் வேண்டும் என்றால் 'ஃபாஸ்ட்-சர்வர்-பெர்மில்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 900 கொடுத்தால் ஆயிரத்தில் 900 கேள்விகள் வேகமானவற்றுக்கே போகும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கூடவே இருக்கும் 'ஃபாஸ்ட்-சர்வர்-நம்' இயல்பில் 3. உங்களிடம் இருப்பதே இரண்டு சர்வர், அப்போது இரண்டுமே 'வேகமானவை' ஆகிவிடும், எதுவும் மாறாது. அதை 1 ஆக்குங்கள். 'ப்ரீஃபெட்ச்' அமைப்பையும் போட்டுவிடுங்கள். டிடிஎல்லின் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் யாராவது கேட்டால், கேஷில் இருப்பதைக் கொடுத்துவிட்டு பின்னால் புதுப்பித்துக்கொள்ளும். கூட்டமான நாளில் உங்கள் 60 விநாடிக்கு இதுதான் மருந்து.

ஆனால் எனக்கு உறுத்துவது உங்கள் ஐந்து விநாடி. 165 மில்லிவிநாடியை எப்படிக் கூட்டினாலும் ஐந்து விநாடி வராது. முழு ஐந்து விநாடி என்றால் எனக்கு உடனே தோன்றுவது ஜிலிப்சி, லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகம். லினக்ஸ் கணினியில் எந்த ரிசால்வரைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதுதான், அது எதையும் அளப்பதே இல்லை. ரிசால்வர்களின் முகவரிகள் எழுதியிருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதல் வரியைக் கேட்கும், 5 விநாடி காத்திருக்கும், அப்புறம்தான் இரண்டாவது வரி. போன தடவை முதலாவது பதில் சொல்லவில்லை என்பதும் அதற்கு நினைவிருக்காது, மறுபடி அங்கேதான் தொடங்கும். டிக் சோதனையில் சர்வர் முகவரியை நீங்களே கொடுத்ததால் இது கண்ணில் பட்டிருக்காது. தாமதம் வரும் ஒரு கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

மண்டல_கோப்பு:
அண்ணன் சொன்னது கேட்கும் பக்கம். பதில் சொல்லும் பக்கத்தையும் பாருங்கள். கல்லூரிக்கு வெளியே இருந்து வரும் ரிசால்வர்களின் அமைப்பை உங்களால் மாற்ற முடியாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தேர்ந்தெடுக்கும், பெரும்பாலானவை எல்லா நேம்சர்வரையும் எப்போதாவது தொட்டுவிடும். நெதர்லாந்தின் '.என்எல்' டொமைனை நடத்தும் எஸ்ஐடிஎன் ஆட்கள் இதை அளந்து பார்த்தவர்கள். அமெரிக்காவிலேயே எனிகாஸ்ட் (ஒரே முகவரியைப் பல இடங்களில் வைத்து, பொதுவாக அருகில் இருப்பது பதில் சொல்லும் முறை) தளங்கள் இருந்தும், அங்கிருந்து ஒரு பகுதிக் கேள்விகள் நெதர்லாந்தில் தனியாக நின்ற சர்வர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9199 என்ற இணைய நடைமுறை ஆவணம் அதனால்தான் எல்லா நேம்சர்வரையும் எனிகாஸ்ட் ஆக்கச் சொல்கிறது. ஒன்று மட்டும் மெதுவாக இருந்தாலும் அதற்கு மாட்டுகிறவர்கள் இருப்பார்கள். உங்கள் அளவுக்கு, எனிகாஸ்ட் உள்ள டிஎன்எஸ் சேவை ஒன்றிடம் இரண்டு நேம்சர்வர்களையும் ஒப்படைப்பது போதும். முடிந்தால் டிடிஎல்லை 60-லிருந்து 3600 ஆக்குங்கள். அந்தத் தளத்தின் ஐபி நிமிடத்துக்கு நிமிடமா மாறுகிறது?

லேப்_காவலர்:
பழைய_ரிசால்வர் சார், நீங்கள் சொன்னதேதான். 43 கணினிகளில் முதல் வரி பழைய கட்டடத்து சர்வரின் முகவரி. அதைப் போன வருடமே எடுத்துவிட்டோம். அந்த முகவரிக்குப் போகும் பாக்கெட்டுகளை ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுத்துக்கொண்டிருந்தது. நேற்று இரவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், காலையிலிருந்து ஐந்து விநாடித் தாமதம் ஒன்றுகூட இல்லை.

பெர்மில் 900, நம் 1 போட்ட பிறகு நெதர்லாந்துக்கு இருபதில் ஒன்றுதான் போகிறது. மீதிப் பத்து சதவீதக் குலுக்கலில் பாதி என்று கணக்கும் ஒத்து வருகிறது. டிடிஎல்லை மாற்றச் சொல்லித் தளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த முடிவு வருகிற 14-ஆம் தேதி, அன்று மறுபடி டிசிபிடம்ப் வைத்துப் பார்த்து இங்கே போடுகிறேன்.