உணவில் செயற்கை நிறங்களைத் தவிர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது, ஏடிஎச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருக்கிறது. இரண்டு வரி எழுதுவதற்குள் பென்சில் சீவ எழுந்துவிடுவான். சீவியதும் எதற்கு எழுந்தோம் என்பதே மறந்துவிடும். மருந்தை நிறுத்தப் போவதில்லை. கூடவே உணவிலும் ஏதாவது மாற்றலாமா என்றுதான் கேட்கிறேன்.

சர்க்கரையைக் குறை என்கிறார்கள். ஆனால் ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. செயற்கை நிறம் விஷயம் அப்படியில்லை. 2007இல் வெளியான, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வில், செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளும் கலந்த பானம் குடித்த குழந்தைகளிடம் துறுதுறுப்பு சற்றுக் கூடியது. அந்த ஆய்வில் பயன்படுத்திய ஆறு நிறங்கள் சேர்ந்த உணவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் லேபிளில் எச்சரிக்கை வாசகமே கட்டாயம்.

நிறங்களை நிறுத்தியவர்கள் சொல்லுங்கள்: மாற்றம் தெரிய எத்தனை வாரம் ஆனது? ஆசிரியரும் கவனித்தாரா? அப்புறம், பிறந்தநாள் விழாக்களில் பிள்ளை ஏங்கிப் போகாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?