சூடு ஆறாத சாம்பார் சாதம்: உங்கள் அனுபவத்தையும் பகிருங்கள்

வைகைக்கரை:
கல்யாண வீட்டிலிருந்து பிற்பகல் 3 மணிக்குத் தூக்குவாளியில் அடைத்துக் கொடுத்த சாம்பார் சாதத்தை, இரவு 9 மணிக்கு ரயிலில் திறந்தோம். இன்னும் இளஞ்சூடாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, போதும் என்று கையை மறித்த தம்பி மகனுக்கு இன்னொரு கரண்டி வைத்தவள் நான்தான். ஊசிப்போன வாடை சிறிதும் இல்லை. நள்ளிரவுக்குள் ஆறு பேரும் மாறி மாறி வாந்தி எடுத்தோம்.

கொத்தமல்லி:
சாதத்தின் மீது பழி போடுவதை நான் ஏற்கவில்லை. எங்கள் வீட்டு வளைகாப்பில் எல்லோரையும் படுக்க வைத்தது தேங்காய்ச் சட்னிதான். சோற்றை மறுபடி நன்றாகச் சுட வைத்துவிட்டால் ஒன்றும் செய்யாது.

ஓய்வுபெற்ற செவிலி:
கொத்தமல்லி சொல்வது தவறு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, கொதிக்க வைத்தாலும் அழியாத நஞ்சை உண்டாக்குகின்றன. உண்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வருவது அதன் இயல்பு. ஆகவே சோற்றை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும்; இல்லையேல் அகன்ற தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

வாந்தி பேதி வந்தபின் செய்யும் ஒரு தவறைப் பற்றி என் சிறு அனுபவம் ஒன்று. ஒரு தாய், உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொடியில், 1 லிட்டர் நீருக்கானது முழுவதையும் ஒரே டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டியிருந்தார். குழந்தை உதட்டை நக்கி நக்கித் தண்ணீர் கேட்ட முகம் மறக்கவில்லை. கரைசல் கெட்டியானால் உப்பு மிகுந்து உடலுக்குத் தீங்கே விளையும். பொடி கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். குழந்தைகளுக்கு, மருத்துவர் சொல்லாமல், பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் இறங்காமை, குழந்தை துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வைகைக்கரை:
தம்பி மகன் மறுநாள் மாலையே எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டான். ஆனால் நான் கரண்டியோடு அருகில் போனால், இன்றும் தட்டை நகர்த்திக்கொள்கிறான்.