லிங்க்-16, டாடில்-ஜே, ஜேடிட்ஸ், மிட்ஸ்: எல்லாம் ஒன்றா? அவசரம்

கரையோரம்:
வணக்கம். போர் விமானங்கள் தங்களுக்குள்ளும் தரையோடும் வானொலி வழியே தகவல் பரிமாறும் தரவு இணைப்பு பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்குகிறேன். ஒரே பத்தியில் டாடில்-சி, டாடில்-ஜே, ஜேடிட்ஸ், மிட்ஸ், லிங்க்-16 என்று ஐந்து பெயர்கள். எல்லாவற்றுக்கும் 'தரவு இணைப்பு' என்றே போட்டுவிட்டேன். இப்போது "தரவு இணைப்பு இருந்தும் தரவு இணைப்பில் பேச முடியவில்லை" என்று ஒரு வரி வந்து நிற்கிறது. நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும். உதவுங்கள்.

மேகவாசி:
எந்த விமானம்? எந்தக் காலம்? அந்த வரியில் முதல் 'தரவு இணைப்பு' மூலத்தில் எந்தச் சொல், இரண்டாவது எந்தச் சொல்? இந்த மூன்றும் இல்லாமல் ஊகம்தான் சொல்ல முடியும்.

அலைவரிசை:
என்னைக் கேட்டால் அலைவரிசையைப் பாருங்கள், குழப்பம் தீரும். பழைய லிங்க்-4ஏ, யூஎச்எஃப் என்ற இராணுவ அலைவரிசைப் பட்டையில் ஓடுவது. லிங்க்-16 ஓடுவது 960 முதல் 1215 மெகாஹெர்ட்ஸ் வரை, 51 அலைவரிசைகளுக்குள் தாவித் தாவி. இரண்டும் வேறு வேறு பட்டை. அதனால்தான் பேச முடியவில்லை.

பழையபுலி:
தம்பி, அடிப்படை தெரியாமல் இராணுவக் கட்டுரையில் கை வைக்கக் கூடாது. டாடில் என்பது அமெரிக்கர்கள் வைத்த பெயர், லிங்க் என்பது நேட்டோ பெயர். டாடில்-ஏ லிங்க்-11. டாடில்-பி லிங்க்-11பி. டாடில்-சி லிங்க்-4ஏ. டாடில்-ஜே லிங்க்-16. இதை எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டு அப்புறம் மொழிபெயர்க்க உட்காருங்கள்.

கரையோரம்:
மன்னிக்கவும், அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போர் விமானம் பற்றிய கட்டுரை.

மேகவாசி:
எஃப்-14இல் எந்த வகை? ஏ வகையில் லிங்க்-4ஏ உண்டு, அதாவது டாடில்-சி. எஃப்-14கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள லிங்க்-4சி என்று தனியாக ஒன்றும் இருந்தது. நான்கு விமானங்கள் வரை சேரலாம். பிறகு வந்த டி வகையில்தான் டாடில்-ஜே பேசும் ஜேடிட்ஸ் கருவி ஏறியது. ஏ வகை என்றால் உங்கள் வரிக்குப் பொருள் வந்துவிடும்: டாடில்-சி இருந்தும் டாடில்-ஜேயில் பேச முடியவில்லை.

வடதிசை:
சுவீடனை யாரும் சொல்லவில்லையே. டிராகன் விமானம் 1960களிலேயே தரைக் கட்டுப்பாட்டிலிருந்து தரவு இணைப்பில் கட்டளை வாங்கியது. எல்லாவற்றுக்கும் முன்னோடி அவர்கள்தான்.

பழையபுலி:
தவறு. அமெரிக்காவின் எஃப்-106 பணியில் சேர்ந்தது 1959இல். தரையிலிருந்த சேஜ் கணினி அதன் தானோட்டியையே தரவு இணைப்பில் திருப்பும்.

வடதிசை:
சரி, தரையிலிருந்து விமானத்துக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமானத்துக்கு விமானம் பேசியதில் சுவீடனின் விக்கன் ஜேஏ-37 போர் விமானத்தை எப்படி விடுவீர்கள்? 1980களிலேயே செய்தது.

பழையபுலி:
அதே எஃப்-14இன் லிங்க்-4சி பற்றி மேலேயே சொல்லியாயிற்று. படித்துவிட்டு வாருங்கள்.

மேகவாசி:
இதற்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். அவர் நாளைக் காலை அனுப்ப வேண்டுமாம்.

கரையோரம்:
இப்போதுதான் கவனித்தேன். அந்த வரி எஃப்-14 பற்றியது இல்லை, இடையில் வரும் இ-3 கண்காணிப்பு விமானம் பற்றியது. முதல் சொல் ஜேடிட்ஸ், இரண்டாவது டாடில்-ஜே. நான் 'இலக்கு' என்று எழுதிய இடங்களும் சந்தேகமாக இருக்கின்றன. மூலத்தில் சில இடத்தில் ட்ராக், சில இடத்தில் பிபிஎல்ஐ.

மேகவாசி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் எஃப்-14 கதை தேவைப்பட்டிருக்காது. ஜேடிட்ஸ் என்பது கருவி, வானொலி. டாடில்-ஜே என்பது அந்தக் கருவி பேசும் செய்தி மொழி. தொடக்க கால இ-3களில் ஜேடிட்ஸ் முதல் வகுப்புக் கருவி இருந்தது. ஆனால் அது பேசியது ஐஜேஎம்எஸ் என்ற இடைக்கால மொழியை. டாடில்-ஜேயின் 'ஜே வரிசை'ச் செய்திகள் பிறகு வந்தவை. ஆக, கருவி கையில் இருந்தும் மொழி வேறு. உங்கள் வரி சொல்வது அதைத்தான். "ஜேடிட்ஸ் கருவி இருந்தும் ஜே வரிசைச் செய்திகளில் பேச முடியவில்லை" என்று எழுதுங்கள்.

மிட்ஸும் கருவிதான். ஜேடிட்ஸைவிடச் சிறியது, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஐந்து நாடுகளும் சேர்ந்து உருவாக்கியது. அது பேசுவதும் ஜே வரிசைதான், எனவே ஜேடிட்ஸோடு பேசும். அலைவரிசை அவர்களே, ஐஜேஎம்எஸ் ஓடியதும் அதே பட்டையில்தான். பட்டையை மட்டும் பார்த்தால் இந்த வரி விளங்காது.

அலைவரிசை:
ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்தில் பட்டை காரணமில்லை.

நூலிழை:
'இலக்கு' பற்றி நான் சொல்கிறேன், இது முக்கியம். பிபிஎல்ஐ என்பது ஒரு விமானம் "நான் இங்கே இருக்கிறேன், நான் இன்னார்" என்று தானே அனுப்பும் செய்தி. வான்வழிக்கு அதன் செய்தி எண் ஜே2.2. ட்ராக் என்பது இன்னொருவர் ரேடாரில் கண்டு அறிவிப்பது. வான்வழிக்கு ஜே3.2. இரண்டையும் 'இலக்கு' என்றால் சொந்த விமானத்தையே சுட வேண்டிய பொருளாக எழுதியதாகிவிடும். கண்டறிந்தவை எல்லாமே எதிரியும் இல்லை. பிபிஎல்ஐக்குத் 'தன்னிலை அறிவிப்பு', ட்ராக்குக்குத் 'தடம்'.

பழையபுலி:
'தடம்' என்றால் சுவடு. ட்ராக் என்றே எழுதலாம், துறையில் யாரும் தடம் என்று சொல்வதில்லை.

நூலிழை:
துறையில் இருப்பவருக்கா இவர் எழுதுகிறார், ஐயா? படிப்பவர் நம் வீட்டுப் பிள்ளைகள். ஒரு புள்ளி திரையில் நகர்ந்து வந்த வழியோடு சேர்த்துத்தான் ட்ராக். தடம் அதற்குப் பொருந்தும்.

கரையோரம்:
அனுப்பிவிட்டேன். 'இலக்கு' பதினொரு இடத்தில் மாறியது. தடம், தன்னிலை அறிவிப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் நன்றி.

நூலிழை:
மகிழ்ச்சி. லிங்க்-16க்கு என்ன போட்டீர்கள்?

வடதிசை:
விக்கன் இழை திறந்துவிட்டேன், பழையபுலி ஐயா அங்கே வரவும்.