சப்ரூடர் தம் படச்சுருளை விற்றது சரியா?

கேள்வி:
1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டதை 8 மி.மீ. கேமராவில் பதிவு செய்த ஆபிரகாம் சப்ரூடர், அந்தச் சுருளை 'லைஃப்' இதழுக்கு 1,50,000 டாலருக்கு விற்றார் என்று படித்தேன். ஒருவரின் சாவைக் காட்டும் படத்துக்கு விலை பேசியதை என் மனம் ஏற்கவில்லை. நான் அறியாத பக்கம் ஏதேனும் உண்டா?

பதில் 1:
உண்டு. சப்ரூடர் பெண்களுக்கான ஆடை தயாரித்து விற்றவர், செய்தியாளர் அல்லர். அன்று காலை கேமராவை வீட்டிலேயே விட்டு வந்தவர், அலுவலகத்தில் இருந்தவர்கள் வற்புறுத்தியதால் திரும்பிப் போய் எடுத்து வந்தார். உயரத்தில் நின்றால் தலைசுற்றும் என்பதால், அவர் சுமார் 4 அடி உயரக் கான்கிரீட் மேடையில் ஏறி நின்றபோது, அவருடைய அலுவலக வரவேற்பாளர் பின்னாலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டார். வெடிச்சத்தம் கேட்ட பிறகும் அவர் கேமராவை நிறுத்தவில்லை. மொத்தம் 486 சட்டகங்கள் (படச்சுருளில் வரிசையாக உள்ள தனித்தனிப் படங்கள்), ஏறத்தாழ 26 விநாடிகள். அவற்றுள் தலையில் குண்டு பாய்வதைக் காட்டும் 313ஆம் சட்டகத்தை வெளியிடக் கூடாது என்று அவரே வலியுறுத்தினார். பணம் ஆண்டுக்கு 25,000 டாலராகப் பிரித்துத் தரப்பட்டது. முதல் தவணையை, அதே நாளில் சுட்டுக் கொல்லப்பட்ட காவலர் டிப்பிட்டின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்.

பதில் 2:
கொடை பாராட்டுக்குரியதே. ஆனால் விற்பனையின் விளைவையும் பார்க்க வேண்டும். இதழில் நிழற்படங்களாக வந்த அந்தக் காட்சியை, ஓடும் படமாக நாடு தழுவிய தொலைக்காட்சியில் மக்கள் பார்த்தது 1975 மார்ச்சில்தான். 'லைஃப்' இதழை நடத்திய தனியார் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்த அந்தப் பதினொரு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் சந்தேகங்கள் எவ்வளவு வளர்ந்தன! அதே ஆண்டில் நிறுவனம் அதை ஒரே ஒரு டாலருக்குக் குடும்பத்திடம் திருப்பித் தந்தது. பின்னர் அமெரிக்க அரசு அந்தச் சுருளைத் தன் உடைமையாக்கிக்கொண்டதால், 1999இல் அதே குடும்பத்துக்கு 1.6 கோடி டாலர் இழப்பீடு தர நேர்ந்தது.

பதில் 3:
கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்துக்கு இப்படம் ஒரு கடிகாரமாகவே பயன்பட்டது. ஒலி கிடையாது, ஆயினும் கேமரா விநாடிக்குச் சராசரியாக 18.3 சட்டகங்கள் ஓடியது எனக் கணக்கிட்டு, குண்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சட்டகங்களை எண்ணியே ஆராய்ந்தார்கள். 1964 ஜூலையில் அந்த ஆணையத்தின்முன் சாட்சி சொல்லும்போது சப்ரூடர் அழுதுவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 313ஆம் சட்டகத்தைப் பற்றிய செய்தி எனக்குப் புதிது. 1963இல் விற்றவர்மேல் இருந்த கோபம் தணிந்தது. 1999இல் தந்த தொகையை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை.