புதுப்பிப்பு: மூன்று வயது மகளுடன் குன்னூர் போய்வந்தோம்

ஏழு நாளில் மைசூரு, ஊட்டி, கொடைக்கானல், மூணாறு நான்கையும் மகளுக்குக் காட்டிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "ஒரே ஊரில் தங்குங்கள்" என்று பலரும் சொன்னீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டதற்கு அவ்வளவு மகிழ்கிறேன். குன்னூரிலேயே ஐந்து இரவுகள் தங்கினோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் மலை ரயிலில் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அவளுக்கு அது தாங்காது. குன்னூரிலிருந்து ஊட்டி 19 கிலோமீட்டர்தான். அதை மட்டும் போனோம். ஆனால் அந்தப் பாதையில் டீசல் எஞ்சின். நீராவி எஞ்சின் குன்னூரோடு நின்றுவிடும். அதற்காகவே ஒரு நாள் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தோம். புஸ்ஸென்று ஆவி கிளம்பியதும் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டவள், அரை நிமிடத்தில் மெல்லத் தலையைத் திருப்பி, "இன்னொரு தடவை விடச் சொல்லுங்க அப்பா" என்றாள்.

சிம்ஸ் பூங்காவுக்கு மூன்று முறை போனோம். மற்ற நேரமெல்லாம் முற்றத்தில் கூழாங்கல் பொறுக்கினாள்.

தங்கிய இடத்தில் சமையலறை உண்டு என்றார்கள். போய்ப் பார்த்தால் அடுப்பே இல்லை. நீங்கள் சொன்ன சின்ன மின்சாரக் குக்கர்தான் காப்பாற்றியது, தினமும் பருப்புச் சாதம்.

காரில் போகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் முன்பே எடுத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் பால் கொடுக்காதீர்கள்.