எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்குத் திசை மாறும் தடம் சரிப்படுமா?

கடலோரவாசி: காசிமேடு டு டோல்கேட் காலை நேரத்தைப் பாருங்கள். துறைமுகப் பக்கம் அடைசல், எதிர்ப்பக்கம் ஓட்டம். மீடியனை எடுத்துவிட்டு நடுத்தடத்தைக் காலையில் தெற்கே, மாலையில் வடக்கே திருப்பினால் போதும். கனடாவின் வான்கூவர் லயன்ஸ் கேட் பாலத்தில் மொத்தமே மூன்று தடம். நடுத்தடம் தலைக்கு மேல் இருக்கும் விளக்கை வைத்தே திசை மாறுகிறது, தடுப்பே கிடையாது.

சிக்னல்பெட்டி: பாலத்துல குறுக்குச் சந்து இல்ல பாஸ். இங்க மீனவர் குப்பத்துல இருந்து வர்ற ஒவ்வொரு சந்துலயும் வண்டி நுழையும். அவன் கண்ணுல கேன்ட்ரியே படாது, அதான் ரோட்டுக்கு மேல விளக்கு மாட்டுற இரும்புச் சட்டம். நடுத்தடம் எதிர்த்திசைல ஓடும்போது வலது திரும்பலையும் யூ டர்னையும் அடைக்கணும். மீடியன் போச்சுன்னா ரோட்டைக் கடக்குறவங்க நடுவுல நிக்க இடமும் போச்சு.

கடலோரவாசி: வலது திரும்பத் தடையை நேரப்படி எரியும் பலகையில் காட்டலாம். 300 மீட்டருக்கு ஒரு கேன்ட்ரி, 5.5 மீட்டர் உயரம், 2 கி.மீ.க்கு எட்டு போதும். பச்சைக் கீழ்அம்பு என்றால் போகலாம், மஞ்சள் எக்ஸ் என்றால் தடத்தை விட்டு விலக வேண்டும், சிவப்பு எக்ஸ் என்றால் நுழையக்கூடாது.

ரிலேக்காரர்: விளக்கு மாட்டுவது சுலபம், தடத்தைக் காலி செய்வதுதான் வேலை. வண்டி நுழைகிற முனையில் முதலில் மஞ்சள் எக்ஸ், பிறகு சிவப்பு. அதே வரிசையில் அடுத்தடுத்த கேன்ட்ரி. கடைசி வண்டி வெளியேறும்வரை இரு திசைக்கும் சிவப்பு. 2 கி.மீ. தூரத்தை 30 கி.மீ. வேகத்தில் கடக்க 4 நிமிடம், நெரிசலில் 10 கி.மீ. என்றால் 12 நிமிடம். ஆகவே டைமரை நம்பி மாற்றக்கூடாது. கேமராவில் பார்த்து, பின்னால் ரோந்து வண்டி ஓட்டி உறுதி செய்த பிறகுதான் எதிர்ப்பக்கம் பச்சை.

இரண்டாவது, எதிர்ப்பக்கச் சிவப்பு எக்ஸ் உண்மையில் எரிகிறதா என்று மின்னோட்டத்தை அளந்து பார்த்த பிறகே பச்சை வர வேண்டும். பச்சையைத் தடுக்கும் அந்தப் பூட்டு ரிலே எனும் தனி மின்சுவிட்சில் இருக்கட்டும், மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்தால் சிவப்பு அணைந்துபோகும். அப்போது பூட்டு பச்சையைத் தராது, தடமும் திறக்காது. மாதாமாதம் கனெக்டரைத் துடைக்க ஆள் இல்லையென்றால் இது கேன்ட்ரிகளுக்கான கண்காட்சிதான்.

சிக்னல்பெட்டி: அதைவிடப் பெரிய வில்லங்கம் கன்டெய்னர் வரிசை. லாரி நிக்குறது ரோடு பத்தாம இல்ல, துறைமுக கேட்ல உள்ள விடுற வேகம் பத்தாம. பக்கத்துக்கு ரெண்டு தடம்னு வை. ஒண்ணை டிரெய்லர் புடிச்சிருக்கு. நீ மூணாவதைக் குடுத்தா கொஞ்ச நேரத்துல அங்கயும் டிரெய்லர் நிக்கும். நின்ன வண்டி இருக்குற தடத்தை யாராலும் காலி பண்ணி மாத்த முடியாது. எதிர்ப்பக்கம் மிச்சம் ஒரே தடம், அதுல ஒரு லாரிக்கு ஆக்சில் போனா திருவொற்றியூர் வரைக்கும் எல்லாம் முடிஞ்சுது.

மணலிரோடு: அப்போ டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) செய்யலாமே?

ரிலேக்காரர்: டோல்கேட்டைத் தாண்டினால் நடுவில் மெட்ரோ தூண். தடம் எதற்குள் மாறும்?

கடலோரவாசி: சரி, மீடியனை எடுக்க வேண்டாம். இரு முனையிலும் திறப்பு விட்டு, எதிர்ப்பக்கத்தில் மீடியனை ஒட்டிய தடத்தைக் காருக்கும் பைக்குக்கும் மட்டும் கொடுங்கள். நுழைவில் உயரக் கட்டை வைத்தால் டிரெய்லர் வராது. கோல்டன் கேட் பாலத்தில் 2015 வரை தடம் பிரிக்க மஞ்சள் குழாயைக் கையால்தான் நட்டார்கள். பிறகுதான் நகரும் கான்கிரீட் தடுப்பு வந்தது.

ரிலேக்காரர்: இது கொஞ்சம் தேறும். தடம் பிரிக்க 10 மீட்டருக்கு ஒரு கூம்பு என்றால் 2 கி.மீ.க்கு 201. கடல்காற்றுக்கு அடியில் ரப்பர் எடை வேண்டும். வைக்கும் வண்டிக்குப் பின்னால் அம்புப் பலகை வண்டி கட்டாயம். ஆனால் பைக்கைச் சேர்க்காதீர்கள், கூம்பு இடைவெளியில் நுழைந்து எதிர்வண்டியில் போய் விழுவார்கள்.

சிக்னல்பெட்டி: பைக்கை எடுத்துட்டா மிச்சம் எத்தனை கார் ஓடப் போவுது? மொதல்ல காலை 7 முதல் 11 வரை ரெண்டு பக்கமும் ஓடுற வண்டிய எண்ணுங்க, நிக்குற லாரிய சேர்க்காம. ஒரு பக்கம் 65, எதிர்ப்பக்கம் 35ங்குற விகிதம் வரலைன்னா கூம்பு வாங்குற காசுல லாரிக்கு மணலிப் பக்கம் நிறுத்துமிடமும், கேட்டுக்கு வர்ற முறைக்கு டோக்கனும் குடுங்க.

கடலோரவாசி: எண்ணுவதற்குச் சம்மதம். ஆனால் டோக்கன் போட்டாலும் பலிக்காது, லாரி எப்படியும் முன்கூட்டியே கேட்டில்தான் வந்து நிற்கும்.