மறு: 'குற்றப்புனைவு' விருதுகள் – பொதுச்சொல் எது?

நண்பர்களுக்கு வணக்கம்.

குற்றமும் மர்மமும் சார்ந்த எழுத்துக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் எட்கர் விருதுகளைப் பற்றிய கட்டுரைக்காக எழுந்த 'கிரைம் ரைட்டிங்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்னும் கேள்விக்கு 'குற்றப்புனைவு', 'மர்ம இலக்கியம்', 'துப்பிலக்கியம்', 'குற்ற இலக்கியம்' என்னும் நான்கு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றை அகராதியோடு ஒப்பிடுவதைக் காட்டிலும், அந்த விருதுகளின் பிரிவுப் பட்டியலுக்குள் பொருத்திப் பார்ப்பதே தக்க சோதனை என்று கருதுகிறேன்.

1945இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம், துப்பறியும் கதையின் முன்னோடி எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரால் 1946 முதல் இவ்விருதுகளை வழங்கி வருகிறது. இப்போது நாவல், முதல் நாவல், சிறுகதை, சிறார் நூல் ஆகியவற்றோடு, உண்மையில் நிகழ்ந்த குற்றங்களைப் பற்றிய நூலுக்கும், இத்துறையைச் சார்ந்த திறனாய்வு அல்லது வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. 1966இல் உண்மைக் குற்றப் பிரிவில் விருது பெற்றது ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்'. 1959 நவம்பரில் கான்சஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்னும் சிற்றூரில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டதை விவரிக்கும் அந்நூலில், கொலையாளிகள் யாரென்பது தொடக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. கொன்றவர் யார் என்னும் மர்மம் அதில் இல்லை. பிரிவின் பெயர்ப்படி அது புனைவும் இல்லை. ஆகவே, இந்த ஒரு நூலே 'மர்ம இலக்கியம்', 'குற்றப்புனைவு' ஆகிய இரண்டு சொற்களையும் பொதுச்சொல் என்னும் தகுதியிலிருந்து விலக்கிவிடுகிறது. உட்பிரிவுப் பெயர்களாக அவை தாராளமாக இருக்கலாம்.

'துப்பிலக்கியம்' சுருக்கமாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சேர்த்து எழுதியவுடன் 'துப்பு இல்' என்று பிரித்துப் படிக்கும் வாய்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. துப்புக்கெட்ட இலக்கியம் என்று கேலி செய்ய நம்மிடையே ஆள் குறைவில்லை. மேலும், துப்பறிபவரே இல்லாமல், குற்றவாளியின் மனத்துக்குள்ளிருந்தே சொல்லப்படும் கதைகள் பல உள்ளன. அவற்றுக்கு இச்சொல் பொருந்தாது.

'குற்ற இலக்கியம்' என்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் குற்றம் என்றால் சட்டமீறல்; ஆனால் நூல், செய்யுள், எழுத்து ஆகிய சொற்களுக்கு அருகில் வரும்போது குற்றம் என்பதற்குப் பிழை என்பதே நம் இலக்கண மரபு தந்த பொருள். நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைக் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று வரிசைப்படுத்துகிறது. அப்பட்டியலில் 'மயங்க வைத்தல்' என்பதும் இடம்பெறுகிறது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை: இலக்கண ஆசிரியருக்குக் குற்றமாகப் பட்டது மர்மக்கதை ஆசிரியருக்குத் தொழில்நுட்பம். எப்படியாயினும், 'குற்ற இலக்கிய விருது' என்று எழுதினால், பிழை மலிந்த இலக்கியத்துக்குப் பரிசளிக்கிறார்களோ என்று ஒரு கணமாவது தோன்றும்.

எனவே 'குற்றக்கரு எழுத்து' என்பதைப் பரிந்துரைக்கிறேன். குற்றத்தைக் கருவாகக் கொண்ட எழுத்து என்று அது விரியும். 'குற்றக்கரு நாவல்', 'குற்றக்கரு எழுத்தாளர் சங்கம்', 'குற்றக்கரு எழுத்து விருது' என்று தடையின்றிக் கிளைக்கும். இதிலும் குற்றம் என்னும் சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். இடையில் நிற்கும் கரு, எழுத்திலுள்ள பிழை என்னும் பொருளைத் தள்ளிவைத்து, எழுதப்படும் பொருளைச் சுட்டுகிறது. உண்மை நிகழ்வுகளைச் சொல்லும் பிரிவுக்கு 'மெய்க்குற்றம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மெய் என்பது உடம்பையும் குறிப்பதால், 'குற்ற நிகழ்வு நூல்' என்பதே தெளிவு.

ஒரு துறையின் பெயர் மாறுவது புதிதன்று. ஜப்பானில் இவ்வகைக் கதைகளுக்கு முன்பு வழங்கிய பெயர் 'தந்தேய் ஷோசெத்சு', அதாவது துப்பறியும் நாவல். 1946இல் அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கென வெளியிட்ட 1,850 கஞ்சி எழுத்துகளின் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகளின்) பட்டியலில், 'தந்தேய்' என்பதில் வரும் 'தேய்' என்னும் எழுத்து இடம்பெறவில்லை. அதன் பின்னர் 'சுய்ரி ஷோசெத்சு', அதாவது அனுமானித்தறியும் நாவல், என்னும் பெயர் பரவியது. துப்பறியும் எழுத்தாளர்களின் மன்றமாக 1947இல் தொடங்கிய அமைப்பும் 1963இல் தன் பெயரில் 'சுய்ரி' என்பதையே ஏற்றுக்கொண்டது. அனுமானித்தறிவதற்குத் தமிழில் பழைய வேர் உண்டு: நன்னூலின் 32 உத்திகளுள் ஒன்று 'உய்த்துணர வைப்பு'. தடயங்களை வாசகர் முன் வைத்து விடையை அவரே கண்டறியச் செய்யும் புதிர்வகைக் கதையை 'உய்த்துணர்வுக் கதை' எனலாம். ஆனால் அது உட்பிரிவின் பெயராகவே இருக்கட்டும்.

பிரிட்டனின் குற்றக்கரு எழுத்தாளர் சங்கம் ('கிரைம் ரைட்டர்ஸ் அசோசியேஷன்' என்பதை இனி இப்படியே எழுதிப் பார்க்கிறேன்) எழுத்தாளர் ஜான் கிரீஸியின் முயற்சியால் 1953இல் தோன்றியது. 1955இல் அது வழங்கத் தொடங்கிய பரிசின் முதல் பெயர் 'கிராஸ்டு ரெட் ஹெர்ரிங்ஸ்'. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குறுக்கே வைத்த செங்கருவாடு என்றாகும். கருவாட்டுக்கும் கொலைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் திகைப்பார். வாசகரைத் தவறான வழியில் செலுத்தும் தடயம் என்பதே அத்தொடரின் கருத்தாதலால், 'திசைதிருப்பும் தடயம்' என்று பொருள்வழிப் பெயர்க்க வேண்டும். நல்லவேளையாக 1960இல் அப்பரிசின் பெயர் தங்கக் குத்துவாள் என்று மாறியது. இதைப் பெயர்ப்பதில் சிக்கல் ஏதுமில்லை.

அதே சங்கம் 2002 முதல் 'திரில்லர்' வகைக்கென்று எஃகுக் குத்துவாள் விருதைத் தனியாக வழங்குகிறது. இவ்வகைக்குத் 'திகில் கதை' என்று சிலர் எழுதியிருந்தனர். திகில் என்றதும் பேய்க்கதை நினைவுக்கு வந்துவிடுவதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. 'பரபரப்புக் கதை' என்பது மலிவாக ஒலிக்கிறது. 'விறுவிறுப்பு' நடையைக் குறிக்குமேயன்றி வகையைக் குறிக்காது. கட்டுரையில் தற்காலிகமாகத் 'திரில்லர்' என்றே இட்டிருக்கிறேன். வேறு சொல் வைத்திருப்பவர்கள், அதை எஃகுக் குத்துவாளின் பிரிவுப் பெயராக ஒரு முழு வாக்கியத்தில் அமைத்து அனுப்புமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்.